அம்மாவுக்கு அவகாசம் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

கொட்டாஞ்சேனையில் நெடுங்காலம் வாடகைக்கு இருந்த வீட்டை விட்டு, இந்த ஆவணியில் எங்கள் குடும்பம் வெள்ளவத்தையிலுள்ள தொடர்மாடியொன்றின் ஐந்தாம் மாடிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. உதவிய ஒவ்வொருவரையும் வீடு தேடிச் சென்று கண்டு நன்றி சொல்வதே முறை. ஆனால் சிலருடைய பெயரே எங்களுக்குத் தெரியாது; வேறு சிலர் தங்கள் பெயரை எங்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே எவரையும் பெயர் குறிப்பிடாமல், எல்லோரும் வாசிக்கக்கூடிய விதத்தில் இம்மடலை எழுதுகிறேன். தம்மைப் பற்றிய வரி வரும்போது அவரவர் அறிந்துகொள்வார்கள்.

வீடு மாறுவது கொழும்பில் அன்றாடம் நடக்கும் காரியம்தானே, அதற்கு இவ்வளவு நன்றி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எங்கள் அம்மாவின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. 1983 ஜூலை இனக்கலவரத்தின்போது இதே வெள்ளவத்தையில் இருந்த வாடகை வீட்டிலிருந்து, உடுத்த சேலையோடும் கைப்பையில் இருந்த சான்றிதழ்களோடும் வெளியேறிய அவர், அகதி முகாமில் தங்கிப் பின்னர் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யுத்தத்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, கோண்டாவிலில் அப்பா கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு, செம்மணி வீதியில் சனநெரிசலோடு சனநெரிசலாக நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தார். அந்த இரண்டு முறையும் எதை எடுப்பது, எதை விடுவது என்று நின்று யோசிக்க அவருக்கு ஒரு பொழுதுகூட வாய்க்கவில்லை. இப்போது 76 வயதில், தன் வீட்டுப் பொருள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து, இது வரட்டும், இது வேண்டாம், இதை இன்னாருக்குக் கொடுங்கள் என்று ஆறுதலாகத் தீர்மானித்து ஒரு வீட்டை விட்டுப் புறப்பட்டிருக்கிறார். அந்த அவகாசத்தை அவருக்குத் தந்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி கொட்டாஞ்சேனை வீட்டு உரிமையாளரான அம்மையாருக்கு. ஒப்பந்தம் ஆடி மாதத்திலேயே முடிவடைந்தது. ஆடியில் குடிபுகுவதற்கு அம்மா ஒருபோதும் உடன்படமாட்டார் என்பதை எடுத்துச் சொன்னபோது, தமிழ் மாதங்களின் கணக்கு அறியாத அந்தச் சிங்களப் பெண்மணி, “அம்மாவின் மனம் நிறைந்து போகட்டும்” என்று சொல்லி ஆவணி பிறக்கும்வரை பொறுத்திருந்தார். மின்சார மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும் எங்களோடு நின்று வாசித்துக் குறித்துக்கொண்டு, கொடுத்து வைத்திருந்த முற்பணத்தையும் திறப்பைக் கையளித்த அன்றே திருப்பித் தந்தார். கொழும்பில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியத்தின் பெறுமதி நன்றாகத் தெரியும்.

அடுத்து, அப்பாவிடம் படித்த மாணவர் ஒருவர். கட்டட அளவையியலாளராகத் தொழில் செய்யும் அவர், அப்பா இல்லாத வீட்டில் மூத்த பிள்ளையின் இடத்தில் நின்று இந்த வேலையை ஏற்றுக்கொண்டார். ஒரு பெட்டி கட்டுவதற்கு முன்பே அளவு நாடாவோடு புதிய தொடர்மாடிக்குச் சென்று, மின்தூக்கியின் உள் உயரம், கதவின் அகலம், நடைபாதையின் திருப்பம், ஒவ்வோர் அறைச் சுவரின் நீளம் எல்லாவற்றையும் அளந்து வரைபடமாகக் கீறிக் கொண்டுவந்தார். அந்த வரைபடத்தில் கட்டிலையும் மேசையையும் கடதாசித் துண்டுகளாக வெட்டி வைத்து, அம்மாவே நகர்த்தி நகர்த்தி இடம் பார்த்தார். அப்போதுதான் எங்கள் முதிரை மர அலுமாரி மின்தூக்கிக்குள் நிமிர்ந்து நிற்காது என்பது தெரியவந்தது. விற்றுவிடலாம் என்று பலர் சொன்னார்கள். நாங்கள் கொழும்புக்கு மீண்டு வந்த பின் அப்பா தன் சம்பளத்தில் முதன்முதலாக வாங்கிய தளபாடம் அது. விற்பதற்கு அம்மாவுக்கு மனம் வரவில்லை. கொட்டாஞ்சேனைத் தச்சர் ஐயா ஒருவர் அதன் மூட்டுகளைப் பார்த்துவிட்டு, ஆணி அடிக்காமல் முளைகளால் பொருத்திய வேலை இது, பழுதில்லாமல் கழற்றலாம் என்றார். கழற்றிய பலகைகளுக்கு இலக்கமிட்டு, கீல்களையும் திருகாணிகளையும் சிறிய துணிப்பையில் போட்டு, அந்தப் பையை லாச்சியின் உட்புறத்தில் ஒட்டிவைத்தார். இறக்கிய இடத்தில் அவரே வந்து பூட்டியும் கொடுத்தார். அவர் கேட்ட கூலி மிகக் குறைவு. கூட்டிக் கொடுத்தபோது மறுத்துவிட்டார். அலுமாரியின் கதவு முன்னரைவிட இப்போது சீராக மூடுகிறது என்பதை அவருக்கு இம்மடல் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பெட்டிகள் தந்தவர் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் முஸ்லிம் பெரியவர். பால்மா வந்த காட்போட் பெட்டிகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் மடித்துக் கட்டித் தன் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பியதோடு, கனமான சாமானைச் சிறிய பெட்டியிலும் இலேசான சாமானைப் பெரிய பெட்டியிலும் போடுங்கள் என்று சொல்லியனுப்பினார். பெரிய பெட்டியில் புத்தகத்தை நிரப்பினால் அடி பிரிந்துவிடும், தூக்குபவரின் இடுப்பும் போய்விடும் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் கண்ட அனுபவம்.

பக்கத்து வீட்டு அன்ரி, ஓய்வுபெற்ற மருத்துவத் தாதி. மருத்துவமனை விடுதியில் கையிருப்புப் பதிவேடு வைத்துப் பழகிய ஒழுங்கை அவர் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கம் மேலே மட்டுமல்லாமல் பக்கங்களிலும் எழுதப்பட வேண்டும், அடுக்கி வைத்தால் மேற்புறம் தெரியாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதை சீ.ஆர். கொப்பி எனப்படும் தடித்த அட்டைக் கொப்பி ஒன்றில் அம்மா தன் கையாலேயே எழுதினார். பீங்கான் கோப்பைகளைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றவும், தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் விளிம்பில் நிமிர்த்தி நிறுத்தவும் அன்ரியே காட்டித் தந்தார். ஒரு தட்டும் உடையவில்லை. அம்மாவின் மருந்துகள், வைத்தியர் எழுதிய துண்டுகள், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், வீட்டு உறுதி ஆகியவற்றை லொறியில் ஏற்றவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, அந்தப் பையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு எங்களோடு வெள்ளவத்தைவரை வந்தார். அம்மா கைப்பையை இறுகப் பிடிக்க வேண்டிய தேவையில்லாமல் ஒரு பயணம் போனது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

புத்தகங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அப்பாவின் நூல்கள் புதிய வீட்டின் சுவர்களுக்கு அடங்கமாட்டா. நிறுத்து விற்கும்படி சொன்னவர்களும் இருந்தார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்த ஒருவரிடம், நூல்களைக் கிலோக் கணக்கில் கொடுங்கள் என்று சொல்வது எவ்வளவு கொடியது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இளம் ஆசிரியர்கள் இருவர் மாலை வேளைகளில் வந்து தரையில் அமர்ந்து, ஒவ்வொரு நூலையும் தூசி தட்டி, பூச்சி அரித்தவற்றைப் புறம்பாக்கி, இரட்டைப் பிரதிகளைப் பிரித்து, அப்பா ஓரங்களில் குறிப்பு எழுதிய நூல்களை மட்டும் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். அவர்கள் ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. ஒரு நூலைத் திறந்து அம்மா கதை சொல்லத் தொடங்கினால், கதை முடியும்வரை அடுத்த நூலை எடுக்கமாட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியவை 57ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போயின. 1942இல் தொடங்கிய அச்சங்கம் இப்போது எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே அப்பாவின் நூல்களைப் பிரிந்துவிட்டதாக அம்மா கருதவில்லை.

லொறியோடு வந்த சாரதிக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் தனியாக நன்றி சொல்கிறோம். பகல் ஏறும் முன்னரே புறப்பட்டுவிட வேண்டும் என்று முதல்நாளே எங்களைத் தயார்படுத்தியவர் சாரதிதான். குளிர்சாதனப் பெட்டியைச் சாய்க்காமல் நிமிர்த்தியே ஏற்றினார்; இறக்கிய பிறகு, உள்ளே இருக்கும் எண்ணெய் மீண்டும் தன் இடத்துக்கு வடியும்வரை சில மணிநேரம் மின்சாரம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிச் சென்றார். எரிவாயு சிலிண்டரின் ரெகுலேற்றரைக் கழற்றி, சிலிண்டரை நிமிர்த்திக் கயிற்றால் கட்டினார். அம்மியையும் குழவியையும் சாக்கில் சுற்றி இருவராகத் தூக்கியபோது, இந்தக் காலத்தில் இது எதற்கு என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

குத்துவிளக்கு, நிறைகுடம், சுவாமிப் படங்கள், உப்பு, அரிசி, மஞ்சள் ஆகியவை முதலில் உள்ளே போக வேண்டும் என்பதற்காக, லொறி வருவதற்கு முன்னரே வந்து கதவைத் திறந்து வைத்திருந்த தொடர்மாடிக் காவலாளிக்கும், சாமான் ஏற்றும் மின்தூக்கியை அன்று காலை முழுவதும் எங்களுக்கென ஒதுக்கித் தந்த முகாமைத்துவக் குழுவினருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். பால் காய்ச்சிய வேளையில் ரொறன்ரோவிலிருந்து அண்ணா தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அப்போது நள்ளிரவு. இந்த வீட்டை வாங்க உழைத்தவர் அவர்; அவருக்கு நன்றி சொன்னால் கோபிப்பார், ஆகவே விடுகிறேன்.

பத்திரங்கள் சம்பந்தமான வேலைகளில் எங்களை அலையவிடாமல் காத்தவர்கள் இரு பகுதிகளின் கிராம உத்தியோகத்தர்கள். கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகத்துக்கும் வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகத்துக்கும் உரியவை என்பதால், வதிவிடச் சான்றிதழும் வாக்காளர் பதிவும் மாற்றப்பட வேண்டியிருந்தன. எந்தக் கடிதம் எங்கே தேவை என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். யுத்த காலத்தில் இதே நகரில் வீடு மாறிய தமிழர்கள் பொலிஸ் பதிவுப் படிவத்தோடு காத்து நின்றதை அம்மா மறக்கவில்லை. இம்முறை எங்களை நாற்காலியில் இருத்திப் பேசினார்கள்.

புதிய வீட்டின் அயலவர்களே, முதல் நாள் மதியம் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து தந்தீர்கள். கடற்காற்றில் உப்பு இருப்பதால் இரும்புச் சாமானைப் பல்கனியில் வைக்க வேண்டாம் என்றும், யன்னல் கீல்களுக்கு அடிக்கடி எண்ணெய் விட வேண்டும் என்றும் சொல்லித் தந்தீர்கள். இரண்டையும் கடைப்பிடிக்கிறோம்.

மடித்த பெட்டிகள் அனைத்தும் நல்ல நிலையில் எங்கள் களஞ்சிய அறையில் இருக்கின்றன. புறக்கோட்டைப் பெரியவர் அவற்றைத் திருப்பி வாங்க மறுத்து, அடுத்து வீடு மாறுபவருக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பகுதிகளில் எவருக்கேனும் தேவைப்பட்டால் எங்கள் தொடர்மாடிக் காவலாளியிடம் சொல்லிவிட்டு வந்து எடுத்துச் செல்லலாம். சீ.ஆர். கொப்பியை எப்படிக் கோடிட்டு எழுதுவது என்பதை அம்மா நேரில் காட்டித் தருவார். பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு வந்தால் தேநீரும் உண்டு.

உள்ளம் நிறைந்த நன்றியுடன்,
மகளும் குடும்பத்தினரும்
வெள்ளவத்தை, கொழும்பு 6