எடை இறக்குகிற பிள்ளைக்கு மேடையில் கோப்பை வேண்டாமுங்க

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் வட்டார மகளிர் கல்லூரி முதல்வர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும்,

வணக்கமுங்க.

ஈரோட்டுப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். உங்களில் சிலர் மகளிர் தினத்தை ஒட்டி ஜிம்காரர்களோடு சேர்ந்து ‘வெயிட் லாஸ் சேலஞ்ச்’ நடத்துகிறீர்கள். ஒரு மாதத்தில் அதிக கிலோ இறக்குகிற பிள்ளைக்குப் பரிசு. அதை நிறுத்தச் சொல்லிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் விடுதியிலும் அது நடந்தது. ஜெயித்த பெண்ணின் படம், முன்னே எப்படி, இப்போது எப்படி என்று ஜோடியாக நோட்டீஸ் போர்டில் தொங்கியது. அடுத்த சித்திரையில், ஈரோட்டு வெயிலில், அந்தப் பிள்ளை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்தாள். கை சில்லிட்டிருக்கும். வகிடு அகன்றுகொண்டே போனது. எல்லோருக்கும் பரிமாறுவதில் அவள்தான் முதல் ஆள்; தன் தட்டில் ஒரு இட்லி, அதையும் பொட்டுப் பொட்டாகப் பிய்த்து ஓரத்துக்கு ஓரம் நகர்த்துவாள். கொள்ளுப்பருப்பு போட்டால் டம்ளர் தண்ணீரில் அலசி, தாளிப்பு எண்ணெய் போன பிறகுதான் வாயில் வைப்பாள். மெஸ் அக்காதான் அதைக் கவனித்து என்னிடம் வந்து சொன்னார். ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் பிரியாணி வீடியோ ஓடும். அம்மா போனில் “சாப்பிட்டியா கண்ணு?” என்றால் “ஆச்சும்மா.” முதலில் செவ்வாய், வெள்ளி விரதம் என்றாள், பிறகு சஷ்டி, பிரதோஷம் எல்லாம் சேர்ந்தன. நம் ஊரில் விரதம் இருக்கிற பிள்ளையை யார் குறுக்கே கேட்கப் போகிறார்கள்?

மாதவிலக்கு நின்று வெகுநாள் ஆனதைத் தோழி சொல்லித்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் நாடித்துடிப்பு நாற்பதுகளில் இருந்தது. ஒரு வருடப் படிப்பு போனது. பிழைத்து வந்து படித்து முடித்தாள்.

இது உண்ணல் கோளாறு என்கிற நோய். ஆனால் இதைத் திமிர் என்றும் காதல் தோல்வி என்றும் ஆசிரியர் அறையிலேயே பேசினார்கள். அவர்களுக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்லுகிறேன். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் போல அரைப் பட்டினியில் வைத்தார். தினம் சுமார் 1,570 கலோரி. அவர்களில் யாருக்கும் ஒல்லியாகும் ஆசை கிடையாது. இருந்தும் நாளெல்லாம் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகம் படிப்பது, ஒரு வேளைச் சோற்றை மணிக்கணக்கில் இழுப்பது, எரிச்சல், மனச்சோர்வு, யாரோடும் ஒட்டாமல் போவது எல்லாம் வந்தன. மறுபடி வயிறாரப் போட்டபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. பிரியாணி வீடியோ எங்கிருந்து வந்தது என்று எனக்கு அதைப் படித்த பிறகுதான் விளங்கியது. பட்டினியே மூளையை அப்படி ஆக்குகிறது. நம் பிள்ளைகளின் வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிற டயட் சார்ட்டுகளில் தினம் வெறும் 800 கலோரி என்று போட்டவையும் இருக்கின்றன.

1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆஸ்திரேலியப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வு வந்தது. கடுமையான டயட்டில் இருந்த சிறுமிகளுக்கு, டயட்டே இல்லாதவர்களைவிட, ஆறு மாதத்துக்குள் உண்ணல் கோளாறு வரும் வாய்ப்பு 18 மடங்கு. மிதமாக இருந்தவர்களுக்கு 5 மடங்கு. டயட் இருக்கிற எல்லோருக்கும் வருவதில்லை. பரம்பரை, பதற்றக் குணம், எதிலும் நூற்றுக்கு நூறு வேண்டும் என்கிற பிடிவாதம், எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு வரும் என்று போட்டி வைக்கும்போது உங்களுக்குத் தெரியாதே.

எடை குறையாத பிள்ளைகளையும் பாருங்கள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, ராத்திரி அறையில் பாக்கெட் பாக்கெட்டாகத் தின்றுவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பவர்கள் உண்டு. பார்வைக்கு நன்றாகத்தான் இருப்பார்கள். கன்னம் வீங்கியிருக்கும், பல் எனாமல் அரித்திருக்கும், விரல் முட்டியில் தழும்பு இருக்கும். வாந்தியால் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். 1979-இல் லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் புலிமியா என்று விவரித்தது இதைத்தான்.

பிசிஓடி என்கிற சினைப்பைக் கோளாறு இருக்கிற பிள்ளையிடம் டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்வது நியாயம். அதை அவள் சோற்றை ஒதுக்கச் சொல்கிற கீட்டோ, பேலியோ டயட் குரூப்பில் போய்ச் செய்வதுதான் வம்பு. அரிசிம்பருப்புச் சோறு விஷம், ஒப்புட்டு பாவம் என்று அங்கே பாடம் எடுக்கிறார்கள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தால் இன்னும் மோசம். “பொண்ணு கொஞ்சம் பூசுனாப்ல இருக்குதுங்க” என்று தரகர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அதை நம்மால் தடுக்க முடியாது. போட்டியைத் தடுக்க முடியும்.

கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-இலேயே வந்துவிட்டது. உணவியல் அறிஞர் ராஜம்மாள் தேவதாஸ் சத்துணவியல் வளர்த்த ஊர். உணவியல் படித்த பெண்கள் இத்தனை பேர் இருக்கிற இடத்தில் டயட் சார்ட் எழுதித் தர ஜிம் பையன் எதற்கு?

மெஸ் வாசலில் எடை மெஷின் இருந்தால் எடுத்துவிடுங்கள். தொடர்ந்து சாப்பாட்டைத் தவிர்க்கிற பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். நாலு பேர் முன்னால் தட்டை எட்டிப் பார்க்காதீர்கள். அடுத்தது பொது மருத்துவர்: நாடி, ரத்த அழுத்தம், பொட்டாசியம். பிறகு மனநல மருத்துவர். ரொம்ப மெலிந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி “நல்லா ஆக்கிப் போடுங்க” என்று சொல்லிவிடாதீர்கள். நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் ஏற்ற வேண்டும். உடனே யாரும் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம்.

பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கபடிக்கும் கோகோவுக்கும் கொடுங்கள். ஜிம்காரர் அதற்கும் ஸ்பான்சர் செய்வார், கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர் ஒருத்தி