பொருந்தாத ரிம், டயர் விற்றது தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

கடந்த மாதம் உங்கள் பஞ்சிகாவத்தைக் கடையில் என் 2005 ஆம் ஆண்டு சுசுகி ஜிம்னிக்கு நான்கு ரிம்மும் டயரும் வாங்கிப் பூட்டினேன். நான் கேட்ட அளவு 215/75 ஆர் 15 (டயரின் அகலம் 215 மி.மீ., பக்க உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம்). கையிருப்பில் இல்லை, 235/75 உம் அதே மாதிரித்தான் என்றார் விற்பனையாளர். பில்லிலும் 'ஜிம்னிக்குப் பொருந்தும்' என்று எழுதித் தந்தார். பிரதியை இணைத்துள்ளேன்.

பொருந்தவில்லை. வண்டியைப் போலவே இந்த ரிம்மிலும் 139.7 மி.மீ. வட்டத்தில் ஐந்து துளை இருப்பதால் நட்டுகள் ஏறிவிட்டன, அவ்வளவுதான்.

கம்பனி போட்டது 205/70 ஆர் 15 டயர், 5.5 அங்குல ரிம், ஆஃப்செட் பிளஸ் 5 (ரிம்மை வண்டியில் பூட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற கணக்கு; மைனஸ் பக்கம் போகப் போக சில்லு வெளியே வரும்). டயரின் மொத்த உயரம் 668 மி.மீ. நீங்கள் பூட்டியது 734 மி.மீ., கிட்டத்தட்ட 10 சதவீதம் கூட. ஸ்பிரிங்கை உயர்த்தாமல் இதைப் போட்டால், ஸ்டியரிங்கை முழுதாக வெட்டும்போது பம்பர் மூலையிலும் மட்கார்ட்டின் உள்பக்கத்திலும் உரசும். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் முழுதாக வெட்டாமல் எப்படித் திரும்புவது? உள் பிளாஸ்டிக் இரண்டு பக்கமும் கிழிந்துவிட்டது. வேகமானி 65 காட்டும்போது வண்டி 70 ஐத் தாண்டிவிடுகிறது. பொலிஸ்காரரிடம் டயர் கணக்குச் சொல்ல முடியுமா? 1.3 லீட்டர் எஞ்சினுக்கும் இந்தச் சில்லு பாரம். கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றாம் கியர் இழுக்கவே இல்லை.

ரிம் விஷயம் இதைவிட மோசம். நீங்கள் தந்தது 7 அங்குலம், ஆஃப்செட் மைனஸ் 19. கூடிய ஒன்றரை அங்குல அகலத்தில் பாதி வெளிப்பக்கம் வருவதால் 19 மி.மீ., ஆஃப்செட்டால் 24 மி.மீ., ஆக ஒவ்வொரு சில்லும் 43 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. மழை பெய்தால் சேறு முழுவதும் கதவில். அதைக் கழுவிக்கொள்ளலாம். ஆனால் சில்லு வெளியே போகப் போக பெயரிங்குக்கும் கிங்பின்னுக்கும் (முன்சில்லு திரும்பும் அச்சாணி) சுமை கூடும். பழைய ஜிம்னியில் கிங்பின் பெயரிங் தேய்ந்தால் ஸ்டியரிங் எப்படி உதறும் என்று எந்த கராஜ் பாஸைக் கேட்டாலும் சொல்வார்.

தொலைபேசியில் முறையிட்டபோது கிடைத்த பதில்: "லிஃப்ட் கிட் ஒன்று போடுங்கோ அண்ணை, சரியாகிடும்." வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங் செட்டைத்தான் சொல்கிறார். அதையும் நீங்கள்தான் விற்கிறீர்கள்! லிஃப்ட் கிட் உரசலைக் குறைக்கலாம். ஆஃப்செட்டையும் வேகமானியையும் அது என்ன செய்யும்? 235 டயரை மட்டும் கழற்றி என் பழைய ரிம்மில் போடவும் வழியில்லை. அந்த டயருக்குக் குறைந்தது 6 அங்குல அகலம் வேண்டும்.

எனவே ரிம், டயர் எல்லாவற்றையும் திருப்பி எடுத்து முழுப் பணத்தையும் தாருங்கள். அல்லது நான் முதலில் கேட்ட 215/75 ஐ என் பழைய 5.5 அங்குல ரிம்மில் பூட்டி, மீதியைத் தாருங்கள். எப்படியானாலும் கிழிந்த உள் பிளாஸ்டிக்கின் விலை உங்களுடையது. 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பில்லோடும் படங்களோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
ஜிம்னி உரிமையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.