‘எண்ணம் நீங்கள் அல்ல’: முன்பாதியையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘உங்கள் எண்ணங்கள் நீங்கள் அல்ல’ என்ற அறிவுரை மனநலப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. அறிவுரையில் பிழையில்லை. ஆனால் பயிற்சியின் பின்பாதி மட்டுமே அச்சேறுவதால், படித்துவிட்டுத் தானாகச் செய்து பார்ப்பவர்கள் தடம் மாறிப் போகிறார்கள்.

இதைச் சிகிச்சைப் பயிற்சியாக வகுத்த முன்னோடி, இத்தாலிய மனநல மருத்துவர் ராபர்ட்டோ அசாஜியோலி (1888–1974). அவருடைய வாசகங்கள் இரட்டையாகவே வரும்: ‘எனக்கு உணர்ச்சிகள் இருக்கின்றன, ஆனால் நான் என் உணர்ச்சிகள் அல்ல.’ உடலுக்கும் அறிவுக்கும் இதே அமைப்புதான். இருப்பதை ஒப்புக்கொள்வது முதல் வேலை, விலகி நிற்பது அதன் பிறகே. கோபம் தலைக்கேறிய நேரத்தில் ‘நான் கோபம் அல்ல’ என்று மட்டும் சொல்வது, கோபத்தை அமுக்க இன்னொரு வழி. அமுக்கினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் குழுவினர் 1987இல் காட்டினார்கள். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள், தடை நீங்கியதும், முதலிலேயே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக அதை நினைத்தார்கள்.

எண்ணத்தோடு பழக ஒரு வாக்கியம் போதும். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று தோன்றுகிறதா? முதலில் அதை அப்படியே சொல்லுங்கள். அடுத்து, ‘நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் எனக்கு வருகிறது.’ பிறகு, ‘அந்த எண்ணம் வருவதைக் கவனிக்கிறேன்.’ ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மூச்சு விட வேண்டும். வேகமாக ஒப்பித்தால் பலன் இல்லை. எண்ணம் உண்மையா பொய்யா என்று வாதாட இறங்கினால் மறுபடி அதற்குள்ளேயே போய்விடுவோம். பலர் வழுக்குவது இங்கேதான். இன்னொரு வழி, உளவியலாளர் எட்வர்ட் டிச்சனர் 1916இல் குறிப்பிட்டது: ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப உரக்கச் சொன்னால் பொருள் உதிர்ந்து ஒலி மட்டும் மிஞ்சும். ‘மக்கு’ போல் குத்துகிற சிறு சொல்லாக எடுத்து, 30 விநாடி விடாமல் சொல்ல வேண்டும். நீண்ட வாக்கியத்துக்கு இது சரிப்படாது.

முன்னும் பின்னும் இரண்டு மதிப்பெண் போடுங்கள், 0 முதல் 10 வரை: எவ்வளவு வலிக்கிறது, எவ்வளவு நம்புகிறேன். நம்பிக்கை 8இலிருந்து 5க்கு இறங்கி, வலி அப்படியே இருந்தாலும் பயிற்சி பலித்திருக்கிறது. வலி போகவில்லையே என்று கைவிடுபவர்கள்தான் அதிகம்.

வாழ்க்கையில் நாம் ஏற்றிருக்கும் பாத்திரங்களிலிருந்து விலகிப் பார்ப்பது இதைவிடக் கடினம். ‘நான் யார்?’ என்ற கேள்விக்குப் பத்து விடைகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதுங்கள்: அம்மா, மேலாளர், நோயாளி, தோற்றவன், எது வந்தாலும் சரி. மனசுக்கு மிக லேசான சீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்து, ‘இது இல்லாத இந்த நிமிடத்தில் கவனித்துக்கொண்டிருப்பது யார்?’ என்று ஒரு நிமிடம் இருங்கள். கடைசிச் சீட்டு கவிழ்ந்ததோடு எழுந்துவிடக் கூடாது. பின்னிருந்து முன்னாக ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்து, ‘இது நான் ஏற்றிருக்கும் பாத்திரம்’ என்று சொல்லி முடிக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் வெறுமைதான் மிஞ்சும். துறவு வேறு, சிகிச்சை வேறு. அண்மையில் துணையையோ வேலையையோ இழந்தவர்களுக்கு இதைத் தனியாகச் செய்யக் கொடுக்கவே கூடாது.

கட்டுரைகளில் அரிதாகவே காணும் எச்சரிக்கை ஒன்று உண்டு. தன்னையே வெளியிலிருந்து பார்ப்பதுபோல், சுற்றியுள்ளதெல்லாம் கனவுபோல், உடல் மரத்ததுபோல் சிலருக்கு ஏற்கெனவே தோன்றும். பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் இது அதிகம். அவர்கள் கண்ணை மூடி ‘நான் உடல் அல்ல’ என்று சொன்னால் நிலை மோசமாகலாம். அப்படித் தோன்றினால் உடனே நிறுத்தி, கண்ணைத் திறந்து, பாதங்களைத் தரையில் அழுத்தி, எதிரே தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்ல வேண்டும். அடி, மிரட்டல் போன்ற நிஜ ஆபத்தில் இருப்பவரிடம் ‘அது வெறும் எண்ணம்’ என்று சொல்வது கொடுமை. அவருக்கு வேண்டியது பாதுகாப்பு.

இனி இப்பயிற்சியை வெளியிடும்போது இரட்டை வாசகத்தை முழுமையாகவும், யார் தனியாகச் செய்யக் கூடாது என்பதைக் கட்டம் கட்டியும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர்கள் சிலர்