பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. அமெரிக்காவில் உன் ஆய்வகத்தில் முதல் தடவையாக உன் கையால் ஒரு சுண்டெலியைக் கொல்ல வேண்டி வந்தது, அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை என்றாய். "ஆராய்ச்சி எலிங்களோட உனக்கு எப்படிம்மா முப்பது வருஷம் முடிஞ்சுது?" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு ஒன்பது வயதில் தெருநாய் கடித்தது உனக்குத் தெரியும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அம்மாச்சி தினமும் விடியற்காலையில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்பாள். அந்த மருந்து எதிலிருந்து வந்தது என்பது எனக்கு வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது. ஆட்டு மூளை! வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளைக்குள் செலுத்துவார்கள். நோய் முற்றி ஆடு விழும் நேரத்தில் அதைக் கொன்று, மூளையை எடுத்து அரைத்து, ஃபீனால் கலந்து கிருமியைச் சாகடித்து ஊசி மருந்தாக்குவார்கள். செம்பிள் என்ற டாக்டர் 1911-இல் இமாசலப் பிரதேசத்துக் கசௌலியில் உண்டாக்கிய முறை அது. நம் பக்கத்தில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இந்த மருந்தைத் தயாரித்தார்கள். வகுப்பில் அதைக் கேட்ட அன்று விடுதிக்குப் போய் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். நான் உயிரோடு இருப்பது முகம் தெரியாத சில ஆடுகளால்.

அதனால் ஆராய்ச்சிக்கு விலங்கைத் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை, தம்பி. அந்த மூளை மருந்தே சிலருக்குக் கைகால் முடக்கத்தைக் கொண்டுவந்தது. ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் மருந்து செய்யலாம் என்று கண்டுபிடித்த பிறகு, 2004 முடிவோடு நம் நாட்டில் ஆட்டு மூளை மருந்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில் நாலைந்து ஊசி, அவ்வளவுதான். ஆடும் பிழைத்தது, மனுஷனுக்கும் நல்ல மருந்து கிடைத்தது. ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1959-இல் சொன்ன மூன்றை உங்களுக்கு வகுப்பில் நடத்தியிருப்பார்கள்: விலங்குக்கு மாற்று இருந்தால் அதை எடு, இல்லையென்றால் எண்ணிக்கையைக் குறை, அதுவும் நோகாமல் செய். நம் ஊர் விதியில் நாலாவதாக மறுவாழ்வும் உண்டு. படிக்கும்போது சூத்திரம் மாதிரி இருக்கும். எனக்கு அது என் வயிற்றில் எழுதியிருக்கிற விஷயம்.

"இங்கே சட்டப்படி எலி விலங்கே இல்லைம்மா" என்று நீ சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவில்லை. நீ சொன்னது சரிதான். அமெரிக்காவின் 1966 விலங்கு நலச் சட்டத்தில், ஆராய்ச்சிக்கென்று வளர்க்கும் எலி, சுண்டெலி, பறவை மூன்றும் 'விலங்கு' என்ற சொல்லுக்குள் வராது. ஆனால் அங்கேயே அரசின் மருத்துவ ஆராய்ச்சிப் பணம் வாங்கும் பல்கலைக்கழகங்களுக்கு இன்னொரு விதி இருக்கிறது. அது முதுகெலும்புள்ள எல்லா உயிருக்கும் பொருந்தும். உன் ஆய்வகமும் அதற்குள்தான் வரும், கேட்டுப் பார்.

நம் சட்டம் வேறு மாதிரி. அதில் விலங்கு என்றால் மனிதன் அல்லாத எந்த உயிரும். அவ்வளவுதான் விளக்கம், எலிக்கென்று தனியாக ஒரு கதவு அடைக்கவில்லை. அந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர் நம் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் 1953-இல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நேரு, அரசே செய்யும் என்று வாக்குக் கொடுத்தார். 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. எல்லாரும் அவரை நாட்டியத்துக்காக நினைக்கிறார்கள். நான் அவரை அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுக்காக நினைக்கிறேன். புத்தகம், மாதிரி, படம் வைத்துச் சொல்லித்தர முடிந்தால் விலங்கை எடுக்காதே. வெறும் கைப்பழக்கத்துக்காக அறுக்காதே. மயக்கத்தில் இருக்கும் விலங்கு தெளிந்தால் கடுமையாக வலிக்கும் என்றால் தெளியவிடாதே. சோதனைக்கு முன்னும் பின்னும் ஒழுங்காகப் பார்த்துக்கொள். 1960-இல் எழுதியது! அதற்கான விரிவான விதிகள் 1998-இல்தான் வந்தன. அப்புறம்தான் ஒவ்வொரு கல்லூரியிலும் விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு உட்கார்ந்தது.

எங்கள் குழுவில் சமூக அக்கறை உள்ளவர் என்ற இடத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். ஒரு மாணவர் 120 எலி கேட்டிருந்தார். எல்லாரும் மருந்தின் அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை இதுக்கு முன்னாடி யாரும் செஞ்சு பாக்கலியா?" என்று கேட்டார். பதில் இல்லை. தேடிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஏற்கெனவே செய்து எழுதி வைத்திருக்கிறார்கள். 48 எலியில் முடிந்தது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்காதே. ஆறு எலியில் தெரியவே முடியாத வித்தியாசத்தை அந்த ஆறிலேயே தேடினால் ஆறும் வீண் சாவு. எத்தனை வேண்டும் என்பதைக் கூண்டைத் திறப்பதற்கு முன்பே புள்ளியியல் தெரிந்தவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடு.

சரி, யாருக்கும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம். பொங்கல் லீவு நாலு நாள். நம் வீட்டு வாசலில் நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன், நீ கரும்பு கடித்துக்கொண்டிருந்தாய். ஆராய்ச்சி எலிகளை வைத்திருக்கும் எங்கள் அனிமல் ஹவுஸில் ஒரே ஒரு அட்டெண்டர் அண்ணன் டியூட்டி. நல்ல மனுஷர், ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. காணும் பொங்கல் முடிந்து மறுநாள் காலையில் நான் உள்ளே போனேன். மூன்றாவது ரேக், கீழ்வரிசை. ஒரு கூண்டில் ஐந்து சுண்டெலி, ஒன்றின் மேல் ஒன்று ஒடுங்கிக் கிடந்தன. ஐந்தும் செத்திருந்தன. உமி அப்படியே உலர்ந்திருந்தது. தீவனம் அப்படியே இருந்தது.

பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது, தம்பி. கழுத்து வரை.

கதவில் தொங்கிய தாளில் நாலு நாளும் 'தண்ணீர்' கட்டத்தில் டிக் இருந்தது. அண்ணன் பொய் எழுதவில்லை. எட்டிப் பார்த்திருக்கிறார், பாட்டில் நிறைந்திருக்கிறது, டிக் போட்டிருக்கிறார். பாட்டிலின் எஃகு மூக்கில் ஒரு சின்னக் குண்டு இருக்கும், எலி நக்கினால் அது உருண்டு சொட்டு விழும். அந்தக் குண்டு சிக்கிக்கொண்டது. நான் பாட்டிலைக் கையில் எடுத்து விரலால் அழுத்தினேன், ஒரு சொட்டும் வரவில்லை. ஐந்து உயிர் தண்ணீருக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நாக்கு வறண்டு செத்திருக்கிறது. குறையாத பாட்டில்தான் ஆபத்தானது என்று அண்ணனுக்கு நான் ஒரு நாளும் சொல்லித்தரவில்லை. எனக்கே அது அப்போது உறைத்திருக்கவில்லை.

இறப்புப் பதிவேட்டை எடுத்தேன். மேலே இருந்தவர், "காரணம் தெரியவில்லைன்னு போடுங்க, எதுக்கு வம்பு" என்றார். போட்டேன். என் கையெழுத்தில் அது இன்னும் இருக்கும். அண்ணன் ஓரமாக நின்று அழுதார். நான் அழக்கூட இல்லை. அந்த மாணவருக்கு வேறு ஐந்து எலி கொடுத்தோம்.

முப்பது வருஷத்தில் எனக்கு உறுத்துவது அந்த ஒரு வரிதான். நான் கொன்ற எலிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், அவற்றுக்குக் காரணம் எழுதியிருக்கிறேன், அந்தக் காரணத்துக்கு இன்றும் பதில் சொல்வேன். அந்த ஐந்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு பாட்டிலின் மூக்கையும் விரலால் தொட்டுச் சொட்டு வருகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கினோம். நேற்றைய மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டோம். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தால்தான் டிக். உங்கள் இடத்தில் குழாய் வழியாகத் தானாக வருகிறது என்றாய். அந்த வால்வும் அடைக்கும். அடைக்காவிட்டால் ஒழுகும், நனைந்த எலி ஒரே ராத்திரியில் விறைத்துச் செத்துவிடும். உன் விரலால் தொட்டுப் பார்.

இனி நீ கேட்ட விஷயம். எலியை வாலைப் பிடித்துத் தூக்காதே. எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் பல பேருக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தேன். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜேன் ஹர்ஸ்டும் ரெபெக்கா வெஸ்டும் 2010-இல் அது தப்பு என்று காட்டினார்கள். வாலைப் பிடித்துத் தூக்கிய சுண்டெலி அடுத்த தடவை கையைக் கண்டால் ஒதுங்குகிறது, பதறுகிறது. ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கூண்டுக்குள் வைத்து, அதற்குள் அதுவாக நுழைந்ததும் குழாயோடு தூக்கினாலோ, இரண்டு கையையும் கிண்ணம்போலக் குவித்து அள்ளினாலோ, அந்தப் பயம் வெகுவாகக் குறைகிறது. ஓய்வுபெறுவதற்கு முன் கடைசி சில வருஷம் நாங்கள் அப்படித்தான் செய்தோம். முதல் வாரம் நேரம் பிடித்தது. அப்புறம் கூண்டுக்குள் கையை நீட்டினால் அதுகளே வந்து மோந்து பார்க்கும். பயந்த எலியின் ரத்தத்தில் நீ அளப்பது உன் மருந்தை அல்ல, அதன் பயத்தை.

இன்னொன்று, நீ ஆண்பிள்ளை என்பதே அதுகளுக்கு ஒரு பாரம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2014-இல் கண்டார்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தாலோ, அவர்கள் போட்டிருந்த சட்டை அங்கே கிடந்தாலோகூட, எலிகளுக்குப் பதற்றம் ஏறி வலி தெரிவது குறைந்துவிடுகிறது. உள்ளே போனதும் வேலையை ஆரம்பிக்காதே. கொஞ்ச நேரம் சும்மா உட்கார், உன் வாடை அதுகளுக்குப் பழகட்டும்.

வலியை எலி வெளியே காட்டாது. காட்டினால் பூனைக்கு இரையாகிவிடும் என்பது அதன் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. முகத்தைப் பார். கண் இடுங்கும், மூக்கும் கன்னமும் உப்பும், காது பின்னால் போகும், மீசை நிலை மாறும். இதை வைத்து மதிப்பெண் போடும் முறையே வந்துவிட்டது, படம் போட்ட அட்டை கிடைக்கும், கூண்டுப் பக்கம் ஒட்டி வை. ராத்திரி ஒரு தடவையாவது போய்ப் பார். அதுகளுக்கு அதுதான் பகல். நீ பகலில் பார்ப்பது தூங்குகிற எலியை. சிவப்பு விளக்கு போட்டுக்கொண்டு போ, அந்த வெளிச்சம் அதுகளுக்குச் சரியாகத் தெரியாது. கிழித்த காகிதம் ஒரு பிடி போட்டு வை, கூடு கட்டிக்கொள்ளும். நமக்குச் சுகமாக இருக்கிற ஏசி அதுகளுக்குக் குளிர்.

கொல்வதைப் பற்றி. கரியமில வாயுதானே உங்களிடம்? பெட்டியில் முன்னதாகவே நிரப்பிவிட்டு உள்ளே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது, மூக்கின் ஈரத்தில் அது அமிலமாகி எரியும். வெறும் பெட்டியில் தொடங்கி, நிமிஷத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் என்ற கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். முடிந்தால் அதுகள் வாழ்ந்த கூண்டிலேயே வைத்துச் செய். தெரியாத எலிகளை ஒன்றாகப் போட்டு அடைக்காதே. பக்கத்தில் நின்று கடைசிவரை பார், பெட்டியை மூடிவிட்டு போனை நோண்டப் போகாதே. மூச்சு நின்ற பிறகும் செத்துவிட்டதா என்று இன்னொரு முறையால் உறுதி செய். உன் கை நடுங்கினால் நடுங்கட்டும், ஆனால் பழகாத கையோடு மட்டும் செய்யாதே. செத்த எலியில் பழகிவிட்டு வா. அன்று சோறு இறங்கவில்லை என்றாயே, அதைக் கேட்டு எனக்கு வருத்தமும் வந்தது, நிம்மதியும் வந்தது.

நவம்பரில் உங்களுக்குத் தேங்க்ஸ்கிவிங் லீவு வரும். ஊரே காலியாகிவிடும் என்று போன வருஷம் சொன்னாய். அந்த நாலு நாளும் உன் ரேக்கை யார் பார்க்கிறார்கள் என்று இப்போதே கேட்டு வை. பெயர் இருந்தாலும் ஒரு நாளாவது நீயே போ. என்ன பார்த்தாய் என்று எனக்கு வாட்ஸ்அப்பில் போடு, எந்த நேரமானாலும் பரவாயில்லை.

பருப்புப் பொடியும் மாவடுவும் போன செவ்வாய்க்கிழமை கூரியரில் போட்டாயிற்று. அப்பாவுக்கு முழங்கால் தேவலை.

அன்புடன்,
அம்மா