அங்கன்வாடிப் பிள்ளைகள் கையில் ஒரு கட்டுமரம்: வடசென்னை அலுவலர்களுக்குத் திறந்த மடல்

வடசென்னை அங்கன்வாடி மையங்களுக்குப் பொறுப்பான குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர்களுக்கு,

வணக்கம். ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது என்று இரண்டு, மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை. அந்த வயதில் ‘நேற்று’ என்பதே இன்னும் பிடிபடாது. ஆனால் கயிறு சுற்ற வரும், துணியைத் தண்ணீரில் முக்க வரும். வடசென்னையின் வரலாறு பெரும்பாலும் கைவேலைதான். அதனால் சுவர்ப் படங்களுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியைக் கட்டைக்கும் கயிற்றுக்கும் ஒதுக்கக் கேட்கிறோம்.

முதலில் கட்டுமரம். காசிமேட்டில் இன்று ஃபைபர் படகுகள்தான் கண்ணில் படுகின்றன. துறைமுகம் வருவதற்கு முன்பே இந்த அலையைத் தாண்டி மீனவர்களைக் கொண்டுபோனது கட்டுமரம்.

20 செ.மீ. நீளம், 4 செ.மீ. பருமனில் மூன்று முருங்கைக் கட்டைகள் போதும். பட்டை சீவி, உப்புத்தாளால் தேய்த்து, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். பச்சைக் கட்டை தண்ணீரில் அமிழ்ந்தே நிற்கும். தேங்காய்நார்க் கயிறு பிஞ்சுக் கையைக் கீறும். முக்கால் மீட்டர் பருத்திக் கயிறு இரண்டு வாங்குங்கள். வழுவழுப்பான தரையில் கட்டைகள் உருளும், அடியில் ஈரச் சாக்கை விரியுங்கள். முதல் முடிச்சைப் பணியாளர் போட, பிள்ளை இரண்டு சுற்றுச் சுற்றட்டும். இறுக்கிக் கட்டுவது பெரியவர் வேலை. நடுவில் ஒரே கட்டாகப் போட்டால் முனைகள் விரிந்துவிடும். முன்னே ஒன்று, பின்னே ஒன்று வேண்டும்.

அகலமான தொட்டியில் 5 செ.மீ. தண்ணீர். பிள்ளை கட்டுமரத்தைக் கையால் அமுக்கும்போது இடுக்குகள் வழியே தண்ணீர் ஏறும், கையை எடுத்ததும் மரம் மேலே வரும். தண்ணீர் புகுந்தாலும் மூழ்காது என்பதைச் சொல்லவே வேண்டாம், விரலுக்கே தெரிந்துவிடும். பாரமாக மேலே வைக்கும் கல் எலுமிச்சையைவிடப் பெரிதாக இருக்கட்டும், சிறிய கல் வாய்க்குப் போகும்.

பிறகு அவிழ்க்க விடுங்கள். கரை சேர்ந்ததும் கட்டைகளைப் பிரித்து உலரவைப்பது மீனவர் வழக்கம். இந்த வயதுக்குக் கட்டுவதைவிட அவிழ்ப்பதில்தான் ஆசை அதிகம். நேரமில்லை என்று இதை வெட்டிவிடக் கூடாது.

ஒரு வேளைக்கு நான்கு பிள்ளைகள், பதினைந்து நிமிடம். தொட்டியருகே கையெட்டும் தூரத்தில் ஒருவர் நகராமல் இருக்க வேண்டும். முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கயிறுகளை எண்ணித் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

அடுத்தது வண்ணாரப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த பேட்டை அது. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் கலந்து, பழைய வேட்டித் துண்டுகளை முக்கி, மொட்டைமாடியில் பாதியைப் பலகையால் மூடிக் காயவையுங்கள். சில நாள் வெயிலில் மூடாத பாதி வெளுக்கும். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும், சோப்பில் உள்ள காரம் (அல்கலி) பட்டால் அப்படித்தான். துணி கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

தெருவில் உள்ள ஒரு மீனவப் பெரியவரைக் கட்டுமரம் கட்டும் நாளில் மையத்துக்கு அழைக்க எழுத்தில் அனுமதி கொடுங்கள். அவர் தம் பேச்சிலேயே பேசட்டும், யாரும் திருத்த வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாது. தை மாதத்தில் தொடங்க உத்தரவிடுங்கள். கட்டைகளை ஆவணிக்குள் வெட்டி உலர்த்தினால்தான் அப்போது மிதக்கும். வாங்கும் பட்டியல் அதற்கு முன்பே மையங்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
வடசென்னை மழலையர் ஆசிரியர்கள்