தீஃபைக் கழற்றிவிடாதே

அன்புள்ள செல்வா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு அவள் கேட்ட படிப்பிலேயே இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இத்தனை வருஷம் கழித்து நீ 'பால்டர்ஸ் கேட்' கணினி விளையாட்டின் முதல் பாகத்தை மறுபடி எடுத்திருப்பது இன்னொரு சந்தோஷம். ஆனால் உன் குழுவின் தீஃபான (ஒளிந்து வேலை செய்யும் திருடி) இமோயனைக் கழற்றிவிட்டு மூன்றாவது ஃபைட்டரை, அதாவது நேராக மோதும் வீரனை, சேர்க்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் செய்யாதே. பேக்ஸ்டாப், அதாவது ஒளிந்து போய் முதுகில் குத்துவது, பாதி நேரம் விழுவதே இல்லை என்கிறாய். விழாததற்குக் காரணங்கள் உண்டு, எல்லாம் சரிசெய்யக்கூடியவை. அதைவிட முக்கியம், தீஃபின் முதல் வேலை குத்துவது இல்லை, பார்த்துவிட்டு வருவது. எதிரி நம்மைப் பார்ப்பதற்கு முன் அவன் எங்கே, எத்தனை பேரோடு நிற்கிறான் என்று தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்த மாதிரி.

முதலில் ஒளிவது. 2012இல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பில்தானே ஆடுகிறாய்? அதில் 'ஹைட் இன் ஷேடோஸ்' (நிழலில் மறைவது), 'மூவ் சைலன்ட்லி' (சத்தமில்லாமல் நடப்பது) என்று இரண்டு திறமைகள் தனித்தனியாக இருக்கும். ஆட்டம் பார்ப்பது இரண்டின் சராசரியை. ஒன்றை 90 ஆக்கிவிட்டு மற்றதை 20இல் விட்டால் உன் நிஜ மதிப்பு 55தான். லெவலுக்கு 25 பாயின்ட் வருகிறது, இரண்டுக்கும் சமமாகப் போடு. 100ஐத் தாண்டினாலும் வீண் இல்லை, ஏனென்றால் பகல் வெளிச்சத்தில் வெட்டவெளியில் மதிப்பு நன்றாகக் குறையும். முதல் லெவல்களில் பகலில் காட்டில் ஒளிய முயன்று சலித்துப்போகாதே. இரவில் போ, அல்லது சுரங்கத்துக்குள் முயற்சி செய். ஒளிந்த பிறகும் ஒவ்வொரு ரவுண்டும், அதாவது ஆறு விநாடிக்கு ஒருமுறை, சோதனை மறுபடி நடக்கும். அதனால் நீண்ட சுற்று சுற்றாமல் குறுக்கு வழியில் போய்த் திரும்பு. எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒளிய முடியாது, கண் மறைவுக்குப் போய்த்தான் பட்டனை அழுத்த வேண்டும். பொறி தேடுவதும் ஒளிவதும் ஒரே நேரத்தில் ஓடாது என்பதையும் மறக்காதே. சுரங்கத்தில் ஆட்கள் பொறியில் மாட்டுவது பெரும்பாலும் இதனால்தான்.

பேக்ஸ்டாப் கணக்கு: ஆயுதத்தின் அடி 1 முதல் 4 லெவல் வரை இரண்டு மடங்கு, 5 முதல் 8 வரை மூன்று, 9 முதல் 12 வரை நான்கு, 13இல் ஐந்து. லாங் சோர்டின் (நீள வாள்) அடி 1 முதல் 8 வரை. மூன்று மடங்கானால் ஆயுதத்துக்கு மட்டுமே அதிகபட்சம் 24. தொடக்க எதிரிகளுக்கு அது தாராளம். நிபந்தனைகள் மூன்று. ஒளிந்திருக்க வேண்டும் அல்லது மந்திரத்தால் இன்விசிபிள் (கண்ணுக்குத் தெரியாமல்) ஆகியிருக்க வேண்டும், முதுகுப் பக்கம் நிற்க வேண்டும், கைச்சண்டை ஆயுதமாக இருக்க வேண்டும். இமோயன் கையில் வில் இருக்கிறதா என்று பார். தொடக்கத்தில் அவளுக்கு வில்தான் இருக்கும், அதில் பேக்ஸ்டாப் கிடையாது.

நீ சொன்ன தோல்வி பெரும்பாலும் இரண்டாவது நிபந்தனையில்தான் நடக்கிறது. தாக்கு என்று சொன்ன கணமே கத்தி இறங்குவதில்லை. ஆயுதத்தின் வேகத்தைப் பொறுத்து ரவுண்டுக்குள் சில விநாடி கழித்தே வீச்சு வரும். அதற்குள் எதிரி திரும்பினால் அது சாதாரண அடி, ஒளிவும் போச்சு. அதனால் நடமாடிக்கொண்டிருப்பவனைத் துரத்தாதே. அவன் நிற்கும் வரை காத்திரு, பாஸ் போட்டு (ஆட்டத்தை நிறுத்திவைத்து) அவன் எந்தத் திசையைப் பார்க்கிறான் என்று கவனி, நேர் பின்னால் போய் நின்ற பிறகு தாக்கச் சொல்.

நாஷ்கெல் சுரங்கத்தின் அடியில் இருக்கும் முலாஹே என்ற எதிரியை எடுத்துக்கொள். எல்லோரும் கூட்டமாக உள்ளே போவார்கள், அவன் பேச ஆரம்பிப்பான், பேச்சு முடிந்து சண்டை வந்ததும் ஆட்களைக் கூப்பிடுவான். கோபோல்டுகளும் (குட்டிப் பிசாசு மாதிரி எதிரிகள்) எலும்புக்கூடுகளும் வந்துவிடும். இப்படிச் செய்து பார். மற்ற ஐந்து பேரையும் குகை வாசலுக்கு வெளியே அவன் கண்ணில் படாத தூரத்தில் நிறுத்து. நம் ஆட்களைத் தானாக இயங்கவைக்கும் பார்ட்டி ஏஐ பட்டனை அணைத்துவிடு, இல்லாவிட்டால் யாராவது ஒருவர் எதிரியைப் பார்த்ததும் தானாக ஓடிப்போய் எல்லாவற்றையும் கெடுப்பார். இமோயன் மட்டும் ஒளிந்து உள்ளே போகட்டும். அவள் பின்னால் நின்றதும் பாஸ் போடு, வில் வைத்திருப்பவர்களை வாசல் நோக்கி நடக்கச் சொல், பிறகு குத்து. ஒரே குத்தில் அவன் சாக வேண்டும் என்றில்லை. அவன் கிளெரிக், அதாவது ஸ்பெல் (மந்திரம்) போடும் பூசாரி. ஸ்பெல் சொல்லும்போது அடி விழுந்தால் ஸ்பெல் கலைந்துவிடும். குத்துக்குப் பின் வந்து விழும் அம்புகள் அவன் வாயை அடைத்து வைக்கும், அதுதான் வேண்டியது.

கூட்டமாக எதிரிகள் இருக்கும் இடத்தில் தீஃப் குத்தவே வேண்டாம். அவள் பார்ப்பதைப் பார்ட்டி முழுவதும் பார்க்கிறது. அந்தக் கண்ணை வைத்து மேஜ் (மந்திரவாதி) தன் பார்வைக்கு அப்பாலும் ஃபயர்பால் (தீப்பந்து) வீசலாம், எதிரி யார் வீசினார்கள் என்றே தெரியாமல் எரிவான். வலை விரிக்கும் வெப் ஸ்பெல்லும் அதே மாதிரிதான். இரண்டாம் லெவல் ஸ்பெல், தப்பிக்கும் சோதனையில் எதிரிக்கு 2 குறைகிறது, சிக்கினவன் அசையமாட்டான். ஆனால் வெப்புக்கு நம்மாள், அவனாள் என்று தெரியாது. ஸ்பெல் போடும் முன் தீஃபைப் பின்வாங்கச் செய், ஃபைட்டர்களை வலைக்குள் அனுப்பாதே, வெளியே நின்று அம்பு விட வை. கிளோக்வுட் காட்டில் சிலந்திகளிடம் இது வேலைக்காகாது.

இரண்டாம் பாகத்துக்குப் போனால் நிலைமை மாறும். மேஜ்கள் ஸ்டோன்ஸ்கின்னும் (அடியைத் தாங்கும் கல் தோல்கள்) மிரர் இமேஜும் (தன்னைப் போன்ற பொய் உருவங்கள்) போட்டுக்கொண்டு நிற்பார்கள். ஸ்டோன்ஸ்கின்னில் ஐந்து மடங்கு குத்தும் ஒரு தோலைத்தான் உரிக்கும். மறைந்ததைக் காட்டும் ட்ரூ சைட் ஸ்பெல்லை அவர்கள் போட்டால் ஒளிந்தவள் வெளியே வந்துவிடுவாள். அங்கே தீஃபை மேஜ் மேல் ஏவுவது வீண், வில்லாளிகளிடமும் கிளெரிக்குகளிடமும் அனுப்பு. பொறி வைக்கும் திறமையும் அங்கே பெரிதாகிவிடும். ஃபிர்க்ராக் டிராகன் பேச ஆரம்பிக்கும் முன்பே அவனைச் சுற்றிப் பொறி வைத்து ஒரே நொடியில் சாய்ப்பது பிரபலம். வேலை செய்கிறது, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சண்டை ஆட்டத்தின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று, அதைத் தவறவிடாதே.

வழியில் கொள்ளைக்காரர்கள் மடக்குவது நமக்கு வைக்கும் பொறி. நடுவில் நாம், சுற்றிலும் வில். வந்து விழுந்த உடனே பாஸ். ஒரு பக்கத்தின் மேல் ஸ்லீப் (தூங்கவைக்கும் ஸ்பெல்), மற்ற பக்கத்தை நோக்கி எல்லோரும் ஒன்றாகப் பாய வேண்டும். நின்ற இடத்திலேயே நின்று சுடாதே. ஸ்லீப் நம் ஆட்களையும் பிடிக்கும், எல்ஃப்களுக்கு மட்டும் 90 சதவீத எதிர்ப்பு. அதனால் ஸ்பெல் விழும் வட்டத்தை நம் ஆட்களிடமிருந்து தள்ளியே வை.

இமோயன் இப்போது எந்த லெவல், இரண்டு ஒளிவுத் திறமையிலும் எவ்வளவு போட்டிருக்கிறாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. கிளோக்வுட்டுக்கு முன் பாயின்ட்டை எங்கே போடுவது என்று சேர்ந்து யோசிக்கலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாஸ்கர்