கீழ் அறைக்கு என்ன தரை?

பெரம்பூர்

அன்புள்ள செந்திலுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ, மருமகள், பாப்பா மூவரும் நலமாக இருக்க வேண்டும். கீழ் அறைக்கு என்ன தரை போடலாம் என்று கேட்டு நீ அனுப்பிய பேஸ்மென்ட் (நிலத்துக்கு அடியில் உள்ள தளம்) வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஈரம் பார். பூமிக்குக் கீழே இருக்கிற கான்கிரீட், கண்ணுக்கு உலர்ந்துதான் தெரியும். ஒரு பாலிதீன் தாளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடு. அடியில் வேர்த்திருந்தால் எதையும் போடாதே. வேர்க்கவில்லை என்றாலும் மீட்டர் வைத்து உள் ஈரத்தை அளக்கச் சொல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் வீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாகவா வந்தது? தரையிலிருந்துதானே ஊறி வந்தது. அம்மாவின் பிளைவுட் அலமாரி அடியில் உப்பிப்போனதை வீடியோவில் பார்த்தாய். கடையில் காட்டுகிற லேமினேட்டும் அப்படித்தான் உப்பும், உள்ளே இருப்பது அழுத்திய மரநார். அது வேண்டவே வேண்டாம்.

அசல் மரம்தான் ஆசை என்கிறாய். முழு மரம் அங்கே நிற்காது. தரையைச் சூடாக்க அடியில் வெந்நீர்க் குழாய், வெளியே மைனஸ் 30 டிகிரி, வீட்டுக்குள் வறண்ட காற்று. குளிரில் சுருங்கி இடைவெளி விடும், கோடையில் உப்பும். ஐப்பசியில் நம் வாசல் கதவு பிடித்துக்கொள்கிற மாதிரிதான். எஞ்சினியர்டு வுட் தேவலை, மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியிருப்பதால் அவ்வளவாக அசையாது. ஆனால் மேல்தரைச் சூடு 27 டிகிரியைத் தாண்டக்கூடாது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். சூட்டை அளக்கிற சென்சார் தரையிலேயே இருக்க வேண்டும், அறைக் காற்றை அளந்தால் போதாது.

சூட்டுக்கு என்று பார்த்தால் மரம் போலத் தெரிகிற போர்சலின் டைல்ஸ்தான் முதல். சூட்டைத் தடுக்காது, ஈரத்துக்கும் அஞ்சாது. நீள டைல்ஸ் நடுவில் லேசாக வளைந்திருக்கும். அடுத்த வரிசையைப் பாதிக்குப் பாதி தள்ளிப் போட்டால் ஓரம் தூக்கிக் காலில் இடிக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ள வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்.

ஆனால் டைல்ஸ் ஒட்டினால் ஒட்டியதுதான். பிறகு பெயர்த்தால் குழாய்க்கு ஆபத்து. அதனால்தான் கேட்கிறேன். படத்தில் ஒற்றைக் கட்டில் போட்டிருக்கிறாய். சின்ன அடுப்பு மேடை, தனி வாசல். யார் இருக்கப்போகிற அறை என்று எழுதவில்லை. வாடகைக்கு என்றால் டைல்ஸ் போடு. நானும் அம்மாவும் வந்தால் தங்க என்றால் ஒற்றைக் கட்டில் போதாது, உனக்கே தெரியும்.

கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்றால், பசை இல்லாமல் ஒன்றோடொன்று பூட்டிப் போடுகிற எஸ்.பி.சி. வினைல் பலகை வாங்கு. கல்தூள் கலந்த பிளாஸ்டிக், நனைந்தாலும் உப்பாது. வேண்டாதபோது கழற்றிவிடலாம். நான் அதைத்தான் சொல்வேன். எவ்வளவு சூடு வரை தாங்கும் என்பதை அந்தக் கம்பெனி அட்டையில் படித்துக்கொள். சுவரோரம் இடைவெளி விட்டு ஸ்கர்டிங்கால் மூடு. மேலே தடித்த கம்பளம் விரிக்காதே, சூடு அடியிலேயே தங்கிவிடும்.

ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் பி.ஓ.எச்.சுக்கு, அதாவது முறைப்படி முழுப் பழுதுபார்ப்புக்கு, வருகிற ரயில் பெட்டிகளின் தரையைப் பிரித்தே என் சர்வீஸ் போனது. மேலே பி.வி.சி. பளபளவென்று இருக்கும். கழிவறைப் பக்கம் தண்ணீர் இறங்கி, அடித்தகடு துருப்பிடித்துப் போயிருக்கும். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஈரம் பார், செந்தில். மேலே நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதே.

நம் குடும்பத்தில் தரைக்கு அடியிலும் ஒரு வீடு வைத்திருப்பவன் நீதான் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். நீ அதைக் கேட்கவே இல்லை.

மருமகள் குரலைக் கேட்டு நாளாகிறது. சாம்பல் நிறமா பழுப்பா என்று அவளிடம் கேட்டுத்தான் நான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரைக்குக் கூப்பிடுகிறேன், அங்கே காலைதான். அவள் தூங்குகிறாள் என்று சொல்லாமல் போனை அவளிடம் கொடு.

அன்புடன்,
அப்பா